கம்ப்ரசருக்கு யார் எண்ணெய் போடுகிறார்கள்?

“பைக் எஞ்சினுக்கு அடிக்கடி எண்ணெய் மாற்றுகிறோம். வீட்டு ஏசி கம்ப்ரசருக்கோ ஆண்டுக்கணக்கில் ஒரு சொட்டுகூட ஊற்றுவதில்லை. உள்ளே தேய்ந்துபோகாதா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி.

வீட்டு ஏசிகளில் பெரும்பாலும் இருக்கும், வாயுவை அழுத்தும் ரோட்டரி கம்ப்ரசரின் அமைப்பு எளிது. வட்டமான சிலிண்டருக்குள் மையம் விலகிய ஓர் உருளை சுற்றிவருகிறது. சிலிண்டர் சுவரின் காடியிலிருந்து நீளும் தகடு, உருளையை எப்போதும் தொட்டுக்கொண்டே முன்னும் பின்னும் போய்வருகிறது. தகட்டின் ஒருபுறம் வாயு நுழைகிறது; மறுபுறம் நசுங்கி வெளியேறுகிறது. இவை மோட்டாரோடு சேர்த்து ஒரே இரும்புக் கூட்டுக்குள் வைத்து வெல்டிங் செய்யப்பட்டிருக்கின்றன. கூட்டின் அடியில்தான் எண்ணெய் இருக்கிறது. உருளையைச் சுழற்றும் மோட்டார் தண்டின் உள்துளை வழியாக அது மேலேறி எல்லா இடுக்குகளுக்கும் போகிறது. வாயு கசியாமல் இடைவெளிகளை அடைப்பதும் அதுவே.

சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. 1880களில் இங்கிலாந்தில் பியூசாம்ப் டவர் என்ற பொறியாளர் பேரிங் ஒன்றைச் சோதித்தார். எண்ணெய் ஊற்ற அவர் போட்ட துளை வழியாக எண்ணெய் வெளியே பொங்கி வந்தது. துளையை மரக்கட்டையால் அடைத்தார். எண்ணெய் கட்டையையே வெளியே தள்ளியது! சுழலும் தண்டு எண்ணெயைக் குறுகும் இடைவெளிக்குள் இழுத்துச் செல்வதால் அங்கே அழுத்தம் உருவாகி, தண்டையே தூக்கி நிறுத்துகிறது என்பதை 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற அறிவியலாளர் கணிதமாக விளக்கினார். வேகமாகச் சுழலும்போது உலோகமும் உலோகமும் தொடுவதே இல்லை.

தகட்டுக்கு அந்த வசதி இல்லை. காடிக்குள் அது ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை நின்று திசை மாறுகிறது. நிற்கும் கணத்தில் எண்ணெயை இழுத்துவரும் வேகம் பூஜ்யம். நுனியிலோ, பின்னாலிருக்கும் ஸ்பிரிங்கும் உயர் அழுத்தமும் அதை உருளைமேல் அழுத்துகின்றன. தொடும் இடம் ஒரு மெல்லிய கோடு மட்டுமே. போதாக்குறைக்கு, குளிர்பதன வாயு எண்ணெயில் கரைந்து அதை நீர்க்கச் செய்கிறது. அந்தக் கோட்டில் எண்ணெய்ப் படலம் அறுந்து உலோக மேடுகள் உரசத்தான் செய்யும்.

பழைய ஏசிகளில் ஆர்-22 என்ற குளிர்பதன வாயு இருந்தவரை இந்த உரசலை வேதியியல் பார்த்துக்கொண்டது. உரசும் இடத்தின் சூட்டில் அதன் குளோரின் இரும்போடு வினைபுரிந்து, எளிதில் வழுக்கும் இரும்பு குளோரைடு படலத்தை உண்டாக்கியது. படலம் தேயத் தேயப் புதிதாக உருவாகும். தேய்மானம் எங்கே கடுமையோ, மருந்து அங்கேயே தயாராகும்! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

அதே குளோரின்தான் ஓசோனைச் சிதைத்தது. ஆர்-22 விலக்கப்பட்டு, குளோரின் இல்லாத ஆர்-410ஏ, ஆர்-32 வந்தபோது தகட்டின் நுனி பாதுகாப்பை இழந்தது. கடினமான மேற்பூச்சுகள், நைட்ரஜன் ஏற்றிய எஃகு, எண்ணெயில் பாஸ்பரஸ் சேர்மங்கள் என்று பொறியாளர்கள் புதிய அரணைக் கட்டினார்கள். உராய்வு ஆய்வுக்கு விண்வெளி ஆய்வின் கவர்ச்சி கிடையாது. நிதியும் அதற்கேற்பக் கிள்ளித்தான் தரப்படுகிறது. ஒவ்வொரு இயந்திரத்திலும் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் துறையை இப்படி நடத்துவது பெரும் தவறு என்பேன்.

எண்ணெயையும் மாற்ற வேண்டியிருந்தது. புதிய வாயுக்களோடு, அதுவரை பயன்பட்ட கனிம எண்ணெய் (பெட்ரோலியத்திலிருந்து எடுப்பது) சரிவரக் கலக்காது. குழாய்களுக்குள் போன எண்ணெய் கம்ப்ரசருக்குத் திரும்பி வராது. அதனால் பெரும்பாலும் எஸ்டர் வகைச் செயற்கை எண்ணெய் வந்தது. அது காற்றின் ஈரத்தை ஆவலோடு உறிஞ்சும். அந்த நீரோடு வினைபுரிந்து அமிலமாகும். உறிஞ்சிய ஈரத்தைப் பிறகு வேக்யூம் பம்பாலும் எளிதில் பிரிக்க முடியாது. ஆகவே வாசகருக்கு என் பதில்: கூடு மூடியிருக்கும்வரை எண்ணெய் மாற்றத் தேவையில்லை. ஏசி பொருத்தும்போது மட்டும், வாயுவைத் திறக்கும் முன் குழாய்களை வேக்யூம் பம்பால் முழுமையாக வெற்றிடமாக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் வாயுவை விட்டுக் காற்றை வெளியேற்றினாலே போதும் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள்.