ரீஃபர் குளிரவில்லையா? கேஸைக் கடைசியாகத் தொடுங்கள்

ஆரஞ்சுப் பருவத்தில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில், பேஹெட் பக்கத்து டிப்போக்களில் ரீஃபர் எனும் குளிர்சாதனக் கன்டெய்னர்கள் வரிசைகட்டி நிற்கும். ஏதாவது ஒரு யூனிட் மெதுவாகக் குளிர்ந்தால் உடனே குளிரூட்டும் கேஸ் சிலிண்டரைத் தேடுகிறோம். இது தவறான பழக்கம். பல நேரம் கோளாறு காற்றிலோ, உப்பிலோ, பனிக்கட்டியிலோ, சென்சாரிலோ இருக்கும்.

குளிர்ந்த காற்று போகும் வழியை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எவாப்பரேட்டரின் (பெட்டிக் காற்றைக் குளிர்விக்கும் பகுதி) ஃபேன்கள் அதைக் கீழே தள்ளுகின்றன. தரையில் உள்ள டி வடிவ அலுமினியக் கம்பிகளுக்கு நடுவே ஓடி, அட்டைப்பெட்டிகளின் ஊடாக மேலேறி, கூரையை ஒட்டித் திரும்பி வருகிறது. சரக்கின் உயர எல்லையைக் காட்டும் சிவப்புக் கோட்டுக்கு மேல் பெட்டி அடுக்கினால் திரும்பும் வழி அடைபடும். எவ்வளவு கேஸ் ஏற்றினாலும் கதவோரப் பழம் குளிராது. இன்னொன்று: இன்வெர்ட்டர் (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்கருவி) இல்லாத யூனிட்டில் கப்பலின் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சுற்றும் மோட்டார், கரையின் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்தே சுற்றும். டிப்போவில் சற்று மெதுவாகக் குளிர்வதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

அடுத்தது கன்டென்சர், அதாவது வெப்பத்தை வெளியே விடும் பகுதி. டர்பனின் கடற்காற்று இரும்பையும் அலுமினியத்தையும் விடாமல் அரிக்கும். பல யூனிட்டுகளில் ஓடும் ஆர்134ஏ கேஸ் 40 டிகிரியில் திரவமானால் அழுத்தம் சுமார் 9 பார். உப்பும் தூசியும் படிந்து வெப்பம் வெளியேறாமல் அது 60 டிகிரிக்குப் போனால் சுமார் 16 பார். கம்ப்ரசர் அத்தனை கூடுதல் சுமையை இழுக்க வேண்டும். கடைசியில் ஹை பிரஷர் சுவிட்ச் நிறுத்திவிடும். யூனிட்டை நிறுத்தி, பிரேக்கரை இறக்கி, பிளக்கைக் கழற்றிய பிறகு, காற்று நுழையும் திசைக்கு எதிர்த்திசையிலிருந்து நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். அழுத்தம் கூடினால் ஃபின்கள் (மெல்லிய தகடுகள்) மடங்கும். குளோரின் கலந்த ப்ளீச் வேண்டவே வேண்டாம். திராட்சை ஏற்றி வந்த பெட்டியில் எவாப்பரேட்டரையும் கழுவ வேண்டும்: பூஞ்சை பிடிக்காமல் பெட்டிக்குள் வைக்கும் தாள்களிலிருந்து வரும் கந்தக டைஆக்சைடு, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிச் செம்புக் குழாயைத் தின்னும்.

எவாப்பரேட்டரில் பனி படிவது இயல்புதான். அது கரையாமல் நிற்பதுதான் பிரச்சினை. டிஃப்ராஸ்ட் நேரத்தில் ஹீட்டர்கள் எரிந்து பனியைக் கரைக்கின்றன. அப்போது கிளாம்ப் மீட்டரால் மூன்று ஃபேஸையும் அளந்து பாருங்கள். மூன்றிலும் ஏறக்குறைய ஒரே கரண்ட் ஓட வேண்டும். ஒன்றில் குறைந்தால் ஏதோ ஒரு ஹீட்டர் அறுந்திருக்கிறது. அந்தப் பகுதியில் பனி மிஞ்சி, ஒவ்வொரு சுற்றிலும் தடித்துக்கொண்டே போகும். கரைந்த தண்ணீருக்கும் வழி வேண்டும். எவாப்பரேட்டருக்கு அடியிலுள்ள தட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, இரண்டு வடிகுழாய்களிலும் வெளியே வருகிறதா என்று பாருங்கள். அட்டைத் துணுக்கும் பழத்தோலும் அடைத்தால் அந்தத் தண்ணீர் தரையில் உறைந்து காற்று வழியையே மூடிவிடும்.

வெப்பநிலையை அளக்கும் சென்சாரில் அதிகம் கவனம் வைக்கச் சொல்வேன். சில நாடுகளுக்குப் போகும் ஆரஞ்சைப் புழு அழிவதற்காகச் சுழியத்துக்குச் சற்றுக் கீழே மூன்று வாரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டும். அரை டிகிரி ஏறினால் சரக்கு நிராகரிக்கப்படலாம். அரை டிகிரி இறங்கினால் பழம் கெடலாம். சோதனை எளிது. காய்ச்சி வடித்த தண்ணீரில் செய்த ஐஸை நொறுக்கிப் பாத்திரம் நிறையப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு அதே தண்ணீரை ஊற்றிக் கிளறுங்கள். அந்தக் கலவை 0 டிகிரியில் நிற்கும். சென்சாரைப் பக்கத்திலும் அடியிலும் படாமல் நடுவில் பிடித்து, கிளறிக்கொண்டே படியுங்கள். 25 டிகிரியில் 10,000 ஓம் காட்டும் வகையானால், இங்கே சுமார் 32,650 ஓம் வர வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்து, சைட் கிளாஸில் (குழாயில் திரவம் ஓடுவதைக் காட்டும் கண்ணாடி) குமிழ் ஓடிக்கொண்டே இருந்தால் அப்போது கேஸ் பக்கம் வாருங்கள். லீக்கை அடைக்காமல் மேலே மேலே ஏற்றுவதில் பயனில்லை. மீதிக் கேஸை மீட்புச் சிலிண்டரில் எடுத்துவிட்டு, உலர் நைட்ரஜன் ஏற்றி லீக் பாருங்கள். அழுத்தக் காற்றை ஏற்றக் கூடாது: உயர் அழுத்தத்தில் காற்றோடு கலந்த ஆர்134ஏ தீப்பற்றக்கூடும். குழாயைத் திறந்தாலே, ஈரத்தைப் பிடிக்கும் ட்ரையரை மாற்றிவிடுங்கள். இதில் இருக்கும் செயற்கை எண்ணெய் ஈரத்தை வேகமாக உறிஞ்சும். வாக்யூம் பம்பால் உள்ளிருப்பதை இழுத்து, அழுத்தம் 500 மைக்ரானுக்குக் (வாக்யூமை அளக்கும் அலகு) கீழே போனதும் பம்பை மூடிக் காத்திருங்கள். மெல்ல ஏறி ஓரிடத்தில் நின்றால் உள்ளே ஈரம். நிற்காமல் ஏறினால் லீக். வாக்யூமில் இருக்கும்போது கம்ப்ரசரை ஓட்டாதீர்கள். பிறகு பெயர்ப்பலகையில் உள்ள எடையைத் தராசில் நிறுத்து ஏற்றுங்கள். பல யூனிட்டுகளில் அது 4 முதல் 5 கிலோ வரை இருக்கும்.

சிலிண்டரின் மேல் எழுதியிருப்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது. 2011-இல் ரீஃபர் யூனிட்டுகள் வெடித்து மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ஆர்134ஏ என்று விற்கப்பட்ட போலி கேஸில் மெத்தில் குளோரைடு கலந்திருந்தது. அது கம்ப்ரசரின் அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டதும் தானாகத் தீப்பிடிக்கும் ட்ரைமெத்தில் அலுமினியத்தை உண்டாக்கியது. அசல் ஆர்134ஏ-வில் குளோரின் கிடையாது. அதனால் கேஸ் கசிவைக் காட்டும் ஹாலைடு விளக்கின் சுடர் நிறம் மாறாது. காற்றோட்டமான இடத்தில் கேஸைச் சிறிதளவு காட்டும்போது சுடர் பச்சையானால் அந்தச் சிலிண்டரை ஒதுக்கிவிடுங்கள். அதே கேஸ் ஏற்கனவே ஏறிய யூனிட்டை ஓட்டவோ, அதன் கம்ப்ரசரைத் திறக்கவோ வேண்டாம். தனியே நிறுத்தி அடையாளமிட்டு, கப்பல் நிறுவனத்துக்குத் தகவல் கொடுங்கள்.