மயக்கத்துல கெடக்கற எலியோட கிட்னி நார்மலா?

கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு நாம படிச்சதுல நிறைய விஷயம் எலி, நாய், தவளைகிட்ட இருந்து வந்ததுதான். அதுலயும் பெரும்பாலும் மயக்க மருந்து கொடுத்து வயித்த கிழிச்சு அளந்தது. அப்போ அளந்தது நார்மல் கிட்னியவா, இல்ல ஆபரேஷன்ல மாட்டிக்கிட்ட உடம்போட கிட்னியவா?

ஒரு 300 கிராம் எலிக்கு மொத்த ரத்தமே ஏறக்குறைய 20 மில்லிதான், அதுல பாதிக்கு கொஞ்சம் மேல பிளாஸ்மா (அணுக்கள் போக மீதி இருக்கற ரத்த நீர்), கிட்னி ரெண்டும் சேர்ந்து நிமிஷத்துக்கு சுமாரா 3 மில்லி வடிகட்டுது, அதாவது நாலு நிமிஷத்துல மொத்த பிளாஸ்மா அளவுக்கு வடிகட்டி முடிச்சிடும். இவ்ளோ சின்ன உடம்புல ஒரு மில்லி குறைஞ்சாலே பெரிய விஷயம்.

மயக்க மருந்து போட்டதும் பொதுவா பிபி இறங்கும். கொஞ்சம் இறங்கினா கிட்னி தன் ரத்தக்குழாய விரிச்சு சமாளிச்சுக்கும், சராசரி பிபி 80 பக்கம் வந்து அதுக்கும் கீழ போச்சுன்னா முடியாது, வடிகட்டறதும் குறைஞ்சிடும். மருந்துக்கு மருந்து குணமும் மாறும். கீட்டமின்ங்கற மயக்க மருந்தோட சேர்த்து போடற சைலசீன்ங்கற மருந்து இன்சுலினை அடக்கி சுகரை ஏத்திவிடும், யூரின் கொட்டும், விஷயம் தெரியாதவங்க பாத்தா ஆஹா கிட்னி சூப்பரா வேலை செய்யுதேன்னு நினைப்பாங்க.

என்னைக் கேட்டா மருந்தைவிட கத்திதான் பெரிய வில்லன். வயித்த தொறந்து குடலை ஒதுக்கினதும் பிளாஸ்மா குடல் சுவருக்குள்ளயும் வயித்துக்குள்ளயும் கசிய ஆரம்பிக்கும், ரத்த அணுக்கள் மட்டும் குழாய்லயே தங்கிடும், அதனால ஹீமட்டோக்ரிட், அதாவது ரத்தத்துல சிவப்பணுக்களோட பங்கு, ஏறும். சொட்டு ரத்தம் வெளிய சிந்தலைன்னாலும் உடம்பு ரத்தப்போக்குன்னே எடுத்துக்கும், ரெனின், ஆஞ்சியோடென்சின், அட்ரினலின் மாதிரி பிபிய ஏத்தற சுரப்புகள் எல்லாம் கிளம்பி கிட்னிக்கு போற குழாய இறுக்கிடும், யூரினும் குறையும்.

மியூனிக்-விஸ்டார்னு ஒரு எலி ரகம் இருக்கு, அதுக்கு கிட்னியில ரத்தத்தை வடிகட்டற குட்டி குழாய் முடிச்சுகள் (குளோமெருலஸ்) சிலது மேல்பரப்புலயே தெரியும், நேரா மெல்லிய கண்ணாடி ஊசி குத்தி பிரஷர் பாக்கலாம். இதுல 1970-கள்ல வேலை செஞ்சவங்க நார்மல்னு நினைச்ச எலிங்க உண்மையில பிளாஸ்மா பத்தாம கெடந்துச்சுங்க. இழந்த பிளாஸ்மாவ திரும்ப ஏத்தினதும் வடிகட்டற அளவு கூடிடுச்சு.

இன்னொண்ணு, 1977-ல நாய்ங்கள வச்சு செஞ்சது. முழிச்சிருந்த நாய்க்கு இண்டோமெத்தசின்ங்கற வலி மருந்து கொடுத்தா கிட்னி ரத்த ஓட்டம் பெருசா மாறல, வயித்த தொறந்த நாய்க்கு அதே மருந்து கொடுத்தா நல்லா குறைஞ்சிடுச்சு. ஏன்னா நெருக்கடியில கிட்னிக்கு போற குழாய தொறந்து வச்சிருக்கறதே உடம்பு சுரக்கற புரோஸ்டாகிளாண்டின்ங்கற பொருள்தான், அதைத்தான் இந்த மருந்து நிறுத்திடுது. உடம்புல தண்ணி வத்தின நேரத்துல நமக்கும் டாக்டருங்க இந்த மாதிரி வலி மாத்திரைய வேணாங்கறது இதனாலதான்.

ஆபரேஷன் மட்டும் செஞ்ச, சோதிக்கற மருந்து கொடுக்காத எலிய பக்கத்துல வச்சு ஒப்பிட்டா சரியாயிடாதான்னு கேப்பீங்க. முழுசா ஆகாது, நாய் கதை மாதிரி மருந்தும் ஆபரேஷனும் சேர்ந்துதானே அந்த விளைவையே உண்டாக்குது.

அதனால இப்போ முன்னாடியே ரத்தக்குழாய்ல கதீட்டர்ங்கற மெல்லிய டியூப் வச்சு சில நாள் தேறவிட்டு முழிச்ச எலியில அளக்கறாங்க. கிட்னி வழியா வெளியேறற, ஒளிரற சினிஸ்ட்ரின்ங்கற பொருள ரத்தத்துல ஏத்தி, முதுகுல ஒட்டின குட்டி கருவிய வச்சு அது எவ்ளோ வேகமா மறையுதுன்னு பாக்கற முறையும் வந்திருக்கு. கத்தியே வேணாம், ஆனா கருவிய ஒட்டறப்ப எலி சும்மா இருக்கணுமே, அதுக்கு பெரும்பாலும் கொஞ்ச நேரம் ஐசோஃப்ளூரேன்ங்கற மயக்க வாயு கொடுக்கத்தான் வேண்டியிருக்கு.