படுத்தால் தீராத களைப்பு

புற்றுநோய்க்குக் கீமோ என்ற மருந்துச் சிகிச்சை ஏற்றிக்கொண்டு வந்தவரை வீட்டில் யாரும் எழுந்திருக்க விடுவதில்லை. தண்ணீர்ச் சொம்புகூடக் கட்டிலுக்கே வந்துவிடும். மருத்துவர்களும் ஒரு காலத்தில் ஓய்வைத்தான் சொன்னார்கள். 1980களில் அமெரிக்காவின் ஒஹாயோவில், மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருந்த பெண்களை உடற்பயிற்சி சைக்கிள் மிதிக்க வைத்துப் பார்த்தார்கள். மிதித்தவர்களின் உடல் திறன் கூடியது. அதன் பிறகுதான் ஓய்வு சரியான யோசனைதானா என்று பலருக்குச் சந்தேகம் வந்தது.

புற்றுநோயாளியின் களைப்பு தூங்கி எழுந்தால் போய்விடுகிற களைப்பு இல்லை. சிகிச்சை உண்டாக்கும் அழற்சி (உடம்பின் தற்காப்பு வேலையால் வரும் வீக்கமும் எரிச்சலும்), ரத்தசோகை, சரியாகச் சாப்பிட முடியாதது என்று அதற்குக் காரணங்கள் பல. அவற்றோடு படுக்கையும் சேர்ந்துகொள்கிறது. அசையாத தசை சில நாட்களிலேயே மெலியத் தொடங்கும். தசைச் செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் குறையும். முன்பு குளியலறைவரை நடக்க உடம்பின் மொத்தத் திறனில் கொஞ்சம்தான் செலவானது. இப்போது திறனே சுருங்கிவிட்டதால், அதே பத்தடிக்குப் பாதித் திறன் போய்விடுகிறது. மூச்சு வாங்குகிறது, படுக்கிறார், திறன் இன்னும் சுருங்குகிறது.

உடற்பயிற்சி இந்தச் சுழலைத்தான் உடைக்கிறது. தசை சுருங்கி விரியும்போது புதிய மைட்டோகாண்ட்ரியாவை உருவாக்கச் சொல்லும் சமிக்ஞைகள் கிளம்புகின்றன. இன்டர்லூக்கின்-6 என்ற பொருளையும் தசை ரத்தத்தில் விடுகிறது. வேடிக்கை என்னவென்றால், நாள்பட்ட அழற்சியில் குற்றவாளிக் கூண்டில் நிற்பதும் இதே பொருள்தான்! வேலை செய்யும் தசையிலிருந்து கொஞ்ச நேரத்துக்கு மட்டும் வரும்போது, அது அழற்சியைத் தணிக்கும் பொருட்களைக் கூட்டிவிடுகிறது.

சரி, களைப்பு குறையும். கட்டியை ஏதாவது செய்யுமா? 2016இல் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் சக்கரத்தில் ஓடிய எலிகளையும் ஓடாத எலிகளையும் ஒப்பிட்டார்கள். ஓடியவற்றில் கட்டியின் வளர்ச்சி பாதிக்கும் கீழே போனது. ஓட்டத்தில் சுரந்த அட்ரினலின், புற்றுச் செல்களைக் கொல்லும் என்.கே. செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களை ரத்தத்தில் இறக்கிவிட்டிருந்தது. அவை கட்டிக்குள் புகுந்திருந்தன. மனிதர்களுக்கும் பயிற்சி தொடங்கிய சில நிமிடங்களில் ரத்தத்தில் இந்தச் செல்கள் பெருகுகின்றன. ஆனால் எலிக்கு நடந்ததெல்லாம் நமக்கும் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது.

மனிதர்களிடம் கிடைத்த வலுவான சான்று 2025இல் வெளியான 'சேலஞ்ச்' ஆய்வு. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் முடித்த 889 பேர் அதில் இருந்தார்கள். பெரும்பாலோர் கனடா, ஆஸ்திரேலியாக்காரர்கள். ஒரு பிரிவுக்கு ஆரோக்கிய வாழ்வு பற்றிய கையேடுகள் மட்டும். மற்றதற்குக் கையேடுகளோடு 3 ஆண்டுகள் பயிற்சியாளரின் துணையும் கிடைத்தது. 8 ஆண்டுகளில் பயிற்சிப் பிரிவில் உயிரோடு இருந்தவர்கள் 90.3 சதவீதம், மற்றதில் 83.2. ஒரு புதிய மருந்து இந்த வித்தியாசத்தைக் காட்டியிருந்தால் அதன் விலை லட்சங்களில் இருந்திருக்கும். அதற்காகக் கீமோவை விட்டுவிட்டு நடக்கலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். இரு பிரிவினருமே கீமோவை முடித்தவர்கள். பயிற்சிப் பிரிவில் தசை, மூட்டு வலியும் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

அளவு? வாரம் மூன்று நாள் அரை மணி நேர வேக நடை, இரண்டு நாள் தசைக்கான பயிற்சி என்பது நிபுணர் குழு 2019இல் சொன்ன இலக்கு. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். கீமோ ஏறிய வாரத்தில் அது நடக்காது. அப்போது வராந்தாவில் பத்து நிமிடம் நடந்தாலும், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் சில முறை எழுந்து உட்கார்ந்தாலும் கணக்கில் சேரும்.

காய்ச்சல் இருந்தால் அன்று பயிற்சி வேண்டாம். ரத்தம் உறைய உதவும் தட்டணு மிகக் குறைந்திருந்தாலோ, நோய் எலும்புக்குப் பரவியிருந்தாலோ மருத்துவரைக் கேட்காமல் எடை தூக்கக் கூடாது. சில கீமோ மருந்துகளால் பாதம் மரத்துப்போகும். அப்படி மரத்தவர்கள் மேடுபள்ளத்தில் நடப்பதைவிட, பிசியோதெரபிஸ்டைக் கேட்டு உட்கார்ந்தபடியே சைக்கிள் மிதிப்பது பாதுகாப்பு.