40 சதவீதம் எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம்

"மருத்துவச் சான்றிதழில் குறைபாட்டின் அளவு 40 சதவீதம் இல்லையே, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது." உடல் குறைபாடோ கற்றல் குறைபாடோ உள்ள பிள்ளைக்காகப் பள்ளிக்கும் தேர்வு அலுவலகத்துக்கும் நடையாய் நடக்கும் பெற்றோர் பலர் கேட்டுப் பழகிய பதில் இது. நிறையப் பேர் அதோடு திரும்பிவிடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. நீண்டகால உடல், மன, அறிவுசார் அல்லது புலன் குறைபாடு இருந்து, சுற்றியுள்ள தடைகளால் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்க முடியாதவர் எவரும் இந்தச் சட்டப்படி மாற்றுத்திறனாளிதான். அந்த வரையறையில் சதவீதக் கணக்கே கிடையாது. 40 சதவீதம் என்ற எல்லை வேறு ஒரு பிரிவில் வருகிறது. 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி, அரசு மற்றும் அரசு உதவிபெறும் கல்லூரிகளில் 5 சதவீத இடம், அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு போன்றவற்றுக்கு அது கட்டாயம்.

பாகுபாடு காட்டக் கூடாது, தேவையான மாற்றங்களைச் செய்து தர வேண்டும் என்ற விதிகளுக்கு அந்த எல்லை கிடையாது. உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பேனா பிடித்து எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் நரம்புப் பிரச்சினை உள்ள ஒரு மருத்துவப் பட்டதாரி, குடிமைப் பணித் தேர்வுக்குச் 'சொல்வதை எழுதுபவர்' வேண்டும் என்று கேட்டார். தேர்வாணையம் மறுத்தது. இடஒதுக்கீட்டுக்கான அளவுகோலை வைத்து மற்ற உரிமைகளையும் அடைக்கக் கூடாது என்று நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக, 40 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தும் எழுதுவதில் சிரமம் உள்ளவர்களுக்காக மத்திய அரசு 2022 ஆகஸ்டில் தனி வழிகாட்டு நெறிமுறையே வெளியிட்டது.

சரி, பள்ளியில் என்ன கேட்கலாம்? அரசு அங்கீகாரம் பெற்ற எல்லாப் பள்ளிகளையும், தனியார் பள்ளி உட்பட, இந்தச் சட்டம் கட்டுப்படுத்தும். குறைபாட்டைக் காட்டிச் சேர்க்கை மறுக்கக் கூடாது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடத்திலிருந்து விலக்கு ஆகியவற்றைச் சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. நிறுவனத்துக்குத் தாங்க முடியாத சுமை என்றால் மறுக்க இடமிருக்கிறது. ஆனால் மாடியில் நடக்கும் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுவது எந்தப் பள்ளிக்கும் அப்படிப்பட்ட சுமை இல்லை.

வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுங்கள், இப்படி: "என் மகளுக்குக் கற்றல் குறைபாடு உள்ளதால் மற்றவர்கள் வேகத்தில் எழுத இயலவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 16, 17-ன்படி அரசுத் தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் வழங்க ஆவன செய்ய வேண்டுகிறேன். மருத்துவச் சான்று இணைத்துள்ளேன். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவும்." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பொதுத்தேர்வு என்றால் ஹால் டிக்கெட் வரும் வரை காத்திருக்காமல் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே தலைமையாசிரியரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

வேலையில் இருக்கும்போது விபத்தோ நோயோ வந்து குறைபாடு ஏற்பட்டால், அரசு நிறுவனம் அவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அப்படிப் பணி இல்லையென்றால், கிடைக்கும் வரையோ ஓய்வு வயது வரையோ கூடுதல் பணியிடம் உருவாக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பிரிவு 20(4) இது. இங்கும் 40 சதவீதப் பேச்சு இல்லை. இது தெரியாமல் தாங்களாகவே விருப்ப ஓய்வு எழுதிக் கொடுப்பவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. தனியார் நிறுவனங்களுக்கு இந்த அளவு கட்டாயம் இல்லை. ஆனாலும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை அவை வெளியிட்டாக வேண்டும். அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மருத்துவமனையில், அரசோ தனியாரோ, எல்லாப் பகுதிக்கும் தடையின்றிப் போக வழி இருக்க வேண்டும். பரிசோதனையிலும் சிகிச்சையிலும் முன்னுரிமை உண்டு. ஆக, சக்கர நாற்காலியில் வந்தவரைப் புறநோயாளி வரிசையில் கடைசியில் நிறுத்துவது தவறு. கருத்தடை அறுவைச் சிகிச்சை போன்றவற்றுக்குச் சம்பந்தப்பட்டவரே விளங்கிக்கொண்டு விருப்பத்தோடு சம்மதிக்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு (UDID) மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. 40-க்குக் கீழே இருப்பவர்களுக்கும் அட்டை உண்டு, அது வெள்ளை நிறத்தில் வரும்.

பள்ளியோ அலுவலகமோ மருத்துவமனையோ இந்த உரிமைகளை மறுத்துவிட்டால் முதலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் மனு கொடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுக்கலாம். அப்புறம் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கிறார். உரிமையியல் நீதிமன்றம்போல் ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரைத்ததை ஓர் அதிகாரி ஏற்கவில்லை என்றால், 3 மாதத்துக்குள் அதற்கான காரணத்தை ஆணையருக்கும் மனு கொடுத்த உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும்.