ஏர்த் லூப்: புவித்தொடுப்பு வளையம்

லப்டொப்பை அம்ப்ளிஃபயருடன் இணைத்ததும் ஸ்பீக்கரில் ‘உம்ம்’ என்று ஒரே சுருதியில் சத்தம் எழுகிறதா? கொழும்பில் ஒலியமைப்பு வேலை செய்பவரைக் கேட்டால் பெரும்பாலும் ‘ஏர்த் லூப்’ என்பார்.

மின்கருவியின் உலோக உடலை நிலத்தோடு இணைப்பதே ஏர்த். இது பிரித்தானிய வழக்கு, நமக்கு அங்கிருந்துதான் வந்தது. அமெரிக்கர் ‘கிரவுண்ட்’ என்பதால் அவர்களுடைய வீடியோக்களில் இது ‘கிரவுண்ட் லூப்’. மின்துறைக்குள் மண்ணைக் கொண்டுவந்தது தந்தி. மின்னோட்டம் திரும்பிவர இரண்டாவது கம்பி வேண்டாம், நிலமே போதும் என்று ஜெர்மனியரான ஸ்டைன்ஹைல் 1838இல் கண்டார்.

நம் பாடநூல்களில் ஏர்த் ‘புவித்தொடுப்பு’ ஆகிறது. ஆகவே ‘புவித்தொடுப்பு வளையம்’ என்பதே சரியான தமிழ். ‘தரை வளையம்’ என்றால் சிமெந்துத் தரைதான் நினைவுக்கு வரும். அந்தச் சத்தத்துக்கும் வெறும் ‘இரைச்சல்’ போதாது, அது எல்லாக் குழப்ப ஒலிக்கும் பொதுப்பெயர். வண்டு முரல்வது போல விடாமல் ஒலிப்பதால் ‘முரலொலி’ என்பேன்.

இரண்டு கருவிகளும் தத்தம் பிளக் வழியே புவியோடு இணைந்திருக்கும். நடுவே போடும் ஒலிக்கம்பியின் வெளியுறை அவற்றை இன்னொரு முறை இணைக்கும்போது வளையம் மூடிவிடுகிறது. இரண்டு சொக்கெட்டுகளின் புவி முனைகளும் மிகச்சரியாக ஒரே வோல்ற்றளவில் இருப்பதில்லை. அந்தச் சிறு வேறுபாடு உறைவழியே மின்னோட்டத்தைச் செலுத்தி ஒலிச் சைகையோடு கலக்கிறது. இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் முரலொலியும் 50, அதன் மடங்குகளான 100, 150 ஹேர்ட்ஸில் கேட்கும்.

லப்டொப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் பெரும்பாலும் வளையம்தான். அப்புறம் எல்லாக் கருவிகளுக்கும் ஒரே சொக்கெட்டிலிருந்து மின்சாரத்தைப் பிரித்துக் கொடுங்கள், பல வீடுகளில் இதுவே போதும். மண்டபங்களில் மிக்சர் தூரத்தில் இருந்தால் மைக்குகளுக்குப் போடும் மூன்று முனை எக்ஸ்எல்ஆர் கம்பி நல்லது. அதுவும் போதாவிட்டால் ஒலிக்கம்பியின் நடுவில் தனிமைப்படுத்தும் நிலைமாற்றி (ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபோர்மர்) போடலாம். ஆனால் பிளக்கின் ஏர்த் பின்னை மட்டும் ஒருபோதும் வெட்டாதீர்கள். சத்தம் போய்விடும், ஆனால் கருவிக்குள் பழுது வந்தால் மைக்கைப் பிடிக்கிற கைக்கு 230 வோல்ற் வரலாம்.

டிம்மர் விளக்கால் வரும் ‘ஸ்ர்ர்’ பல சமயம் வேறு வகை. அதற்கு ஒலிக்கம்பியை மின்கம்பியிலிருந்து தள்ளிப் போட வேண்டும், குறுக்கிட்டே ஆக வேண்டுமென்றால் செங்குத்தாக.