ஆட்சிமொழி: சொல்லும் பொருளும்

அமெரிக்க அதிபர் 2025 மார்ச் 1 அன்று பிறப்பித்த ஆணையால் ஆங்கிலம் அந்நாட்டின் 'அஃபிஷியல் லாங்குவேஜ்' ஆயிற்று. இந்த ஒரு வரிச் செய்தியைத் தமிழில் எழுத முனைபவர் முன் ஆட்சிமொழி, அலுவல் மொழி, அரசகரும மொழி, அதிகாரத்துவ மொழி, தேசிய மொழி என ஐந்து சொற்கள் வந்து நிற்கும். முதல் நான்கும் ஏறத்தாழ ஒரே பொருளை வெவ்வேறு இடங்களில் சொல்பவை. ஐந்தாவது தவறு. ஆனாலும் அதுதான் சட்டென்று வாயில் வருகிறது. ஒரு நாடு ஆங்கிலத்தை மட்டும் ஆட்சிமொழியாக வைத்துக்கொள்ளலாமா என்ற விவாதம் பாதி வழியில் தடம் மாறுவதும் இந்தக் குழப்பத்தால்தான்.

ஆங்கிலச் சொல்லிலிருந்து தொடங்குவோம். 'அஃபிஷியல்' என்பதன் மூலம் இலத்தீனின் 'ஒஃபிக்கியும்'. வேலையைக் குறிக்கும் 'ஓபுஸ்', செய்தலைக் குறிக்கும் 'ஃபகெரே' என்ற இரண்டும் கூடிப் பிறந்த சொல் அது. செய்யவேண்டிய பணி, கடமை என்பதே அடிப்படைப் பொருள். பதவி, அலுவலகம், அதிகாரி என்ற பொருள்களெல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. ஆக, வேரில் இருப்பது அதிகாரம் அன்று, கடமை.

தமிழில் 'ஆட்சி' என்பது ஆள் + சி. மீள் என்பது மீட்சி ஆவதுபோல, நீள் என்பது நீட்சி ஆவதுபோல, ஆள் என்பது ஆட்சி ஆகிறது. ஆளுதலுக்கு அரசு செலுத்துதல் என்ற ஒரு பொருள் மட்டும் இல்லை. கையாளுதல், பயன்கொள்ளுதல் என்ற இன்னொரு பொருளும் பழமையானது. "பொருளாட்சி போற்றாதார்க்கு இல்லை" என்னும் குறளில் (252) பொருளாட்சி என்பது செல்வத்தைக் கையாண்டு பயன்கொள்ளுதல். கிரயப் பத்திரத்தில் வரும் "ஆண்டு அனுபவித்து" என்பதிலும் இதே ஆளுதல்தான். ஒரு சொல்லை எழுத்தாளர் பயன்படுத்தும் முறையைச் சொல்லாட்சி என்கிறோம். அங்கே யாரும் யாரையும் ஆளவில்லை.

இப்போது தொகையை விரித்துப் பார்க்கலாம். 'ஆட்சிக்கு உரிய மொழி' என்று விரித்தால் நான்காம் வேற்றுமை. 'ஆட்சியில் வழங்கும் மொழி' என்று விரித்தால் ஏழாம் வேற்றுமை. இரண்டும் பொருந்தும், இரண்டிலும் மொழி ஒரு கருவி, அரசு அதைக் கையாள்கிறது. 'ஆளும் மொழி' என்று மூன்றாவதாகவும் பலர் மனத்தில் விரிகிறது. அந்தப் பொருள் வேண்டுமானால் சொல் 'ஆள்மொழி' என்று வினைத்தொகையாக அமைந்திருக்க வேண்டும். ஆட்சிமொழி என்ற சொல்லுக்கு, குடிமக்களை ஆளும் மொழி என்ற பொருள் இலக்கணப்படியே இல்லை. இந்த வேறுபாடு வெறும் இலக்கணப் பயிற்சி அன்று என்பதைக் கீழே நமீபியாவில் காணலாம்.

தமிழ்நாட்டில் இச்சொல் சட்டத்தின் பெயராகவே நிலைபெற்றது. 1956 டிசம்பர் 27 அன்று சென்னைச் சட்டமன்றம் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆட்சிச் சொல்லகராதி, ஆட்சித் தமிழ், ஆட்சிமொழியாக்கம் எனப் பல சொற்கள் அதன் பின்னே வந்தன. 'அலுவல் மொழி' என்பதும் இங்கே வழக்கில் உண்டு. அலுவலகம், அலுவலர் ஆகிய சொற்களோடு நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் 'அலுவலக மொழி' என்று ஒரு ககரம் சேர்த்து எழுதிவிட்டால், ஒரு நிறுவனத்துக்குள் ஊழியர்கள் பேசிக்கொள்ளும் மொழி என்றாகிவிடும்.

இலங்கையில் 'அரசகரும மொழி'. அரசகரும மொழிகள் திணைக்களம் என்றே ஓர் அரசுத் துறை அங்கே இயங்குகிறது. அரசு + கருமம். கருமம் என்றால் செய்தொழில், கடமை. இலத்தீன் வேரின் பொருளுக்கு மிக நெருங்கி நிற்கும் தமிழ்த் தொடர் இதுதான் என்பது எங்கள் கணிப்பு. தமிழக வாசகருக்கு இது பழகாத சொல்லாகத் தோன்றலாம். பொருட்செறிவில் இது ஆட்சிமொழியைவிட ஒருபடி மேல்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 'அதிகாரத்துவ மொழி'. சிங்கப்பூர் அரசமைப்பின் 153ஏ பிரிவு மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கையும் அதிகாரத்துவ மொழிகள் என்கிறது. தேசிய மொழி மலாய். அன்றாட நிர்வாகமோ ஆங்கிலத்தில் நடக்கிறது. ஒரு மொழிக்குத் தகுதி வழங்குவது வேறு, அதில் கோப்பு நகர்வது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. சொல்லைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை: தமிழ்நாட்டில் 'அதிகாரத்துவம்' என்றால் அதிகாரிகளின் ஆதிக்கம் என்று பொருள்படும். சிங்கப்பூர் வாசகருக்கு இயல்பாகப் படுகிற வாக்கியம் மதுரை வாசகருக்கு வசையாகக் கேட்கக்கூடும்.

அடுத்தது 'ஒரே' என்ற அடைமொழி. 1956-இல் பாக் நீரிணையின் இரு கரைகளிலும் மொழிச் சட்டங்கள் பிறந்தன. இலங்கையில் அந்த ஆண்டின் 33-ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை இலங்கையின் "ஒரே" அரசகரும மொழி என்று விதித்தது. சட்டத்தின் ஆங்கில வடிவத்தில் 'தி ஒன்' என்ற இரண்டே சிறு சொற்கள். தமிழர்கள் அதைத் 'தனிச் சிங்களச் சட்டம்' என்று அழைத்தார்கள். சட்டத்தின் தலைப்பைவிட அதன் விளைவைச் சரியாகச் சொன்ன பெயர் அது. 1987-இல் 13-ஆம் திருத்தத்தின் வழியாகத் "தமிழும் ஓர் அரசகரும மொழியாதல் வேண்டும்" என்ற கருத்துச் சேர்க்கப்பட்டு, ஆங்கிலம் 'இணைப்பு மொழி' ஆனது. 'ஒரே' என்பதிலிருந்து 'உம்' என்பதற்கு வர 31 ஆண்டுகள்.

ஆங்கிலத்தை மட்டுமே ஆட்சிமொழியாகக் கொண்ட நாட்டுக்கு நமீபியாவே நல்ல எடுத்துக்காட்டு. தென்னாப்பிரிக்காவின் பிடியிலிருந்து 1990 மார்ச் 21 அன்று விடுதலை பெற்ற நாடு அது. அதற்கு முன் அரசு வேலைகளில் ஆஃப்ரிகான்ஸ் மொழியே ஓங்கி நின்றது. நிறவெறி ஆட்சியின் மொழி என்ற கறை அதில் படிந்திருந்தது. மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் வீட்டு மொழி ஓஷிவாம்போ. அதை மட்டும் ஆட்சிமொழியாக்கினால் மற்றப் பாதிக்கு வருத்தம். ஆங்கிலமோ எந்த இனக்குழுவுக்கும் சொந்தமில்லாதது, வெளியுலகத் தொடர்புக்கு உதவுவது. ஜாம்பியாவின் தலைநகர் லூசாகாவில் இயங்கிய நமீபியாவுக்கான ஐ.நா. நிறுவனம் 1981-இலேயே இந்த வாதத்தை நூலாக வெளியிட்டது. வாதத்தில் வலு இருந்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் எவருக்கும் சொந்தமில்லாத மொழி என்பதற்கு, பெரும்பாலோருக்குத் தெரியாத மொழி என்ற மறுபக்கமும் உண்டு.

நமீபிய அரசமைப்பின் 3-ஆம் பிரிவு மூன்று உட்பிரிவுகள் கொண்டது. முதலாவது, ஆட்சிமொழி ஆங்கிலம். இரண்டாவது, ஆங்கிலத் திறனை உறுதிசெய்யும் நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பள்ளிகளில் பிற மொழிகள் பயிற்றுமொழியாக இருக்கலாம். மூன்றாவது, ஒரு மொழியைக் கணிசமான மக்கள் பேசும் பகுதியில் சட்டம், நிர்வாகம், நீதி ஆகியவற்றுக்கு அம்மொழியையும் அனுமதிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். எழுத்தளவில் இது நல்ல பிரிவு. ஆனால் மூன்றாவது உட்பிரிவு 'இயற்றலாம்' என்று நிற்கிறது, 'இயற்ற வேண்டும்' என்று சொல்லவில்லை. மொழிச் சட்டங்களைப் படிக்கும்போது கண் முதலில் தேடவேண்டியது இந்த 'லாம்' விகுதியைத்தான். இந்தியாவின் 1963-ஆம் ஆண்டு ஆட்சிமொழிகள் சட்டத்திலும் ஆங்கிலம் "தொடரலாம்" என்றிருந்ததே தமிழ்நாட்டின் பெரிய அச்சமாக இருந்தது.

விளைவு ரெஹோபோத் பகுதியில் தெரிந்தது. அங்குள்ள பாஸ்டர் சமூகத்தின் தாய்மொழி ஆஃப்ரிகான்ஸ். அவர்கள் அம்மொழியில் எழுதினாலும் பேசினாலும், அரசு ஊழியர்களுக்கு அம்மொழி நன்றாகத் தெரிந்திருந்தாலும், அதில் பதில் சொல்லக்கூடாது என்று ஊழியர்களுக்கு அறிவுறுத்தல் போயிற்று. அரசு ஆவணங்களுக்கு மட்டுமல்ல, தொலைபேசிப் பேச்சுக்கும் அது பொருந்தியது. வழக்கு ஐ.நா. மனித உரிமைக் குழு வரை சென்றது. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையில், சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்னும் 26-ஆம் பிரிவு மீறப்பட்டதாக 2000-இல் குழு முடிவுசெய்தது. ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக்கியது அங்கே குற்றமாகக் காணப்படவில்லை. பதில் சொல்லத் தெரிந்தவரின் வாயைக் கட்டியதே குற்றம். ஆட்சிக்கு உரிய மொழி, ஆளும் மொழியாக மாறிய இடம் அதுதான்.

பள்ளியில் வேறு வகைச் சிக்கல். முதல் மூன்று வகுப்புகள் தாய்மொழியில், நான்காம் வகுப்பு மாறுகைக்கு, அதன்பின் ஆங்கிலம் என்பது அங்கு வகுத்த முறை. அந்த ஓராண்டில் குழந்தை ஆங்கிலத்தை ஒரு பாடமாகக் கற்கும் நிலையிலிருந்து ஆங்கிலத்தின் வழியே கணக்கும் அறிவியலும் கற்கும் நிலைக்குத் தாவ வேண்டும். தாவ உதவும் ஆசிரியருக்கும் ஆங்கிலம் இரண்டாம் அல்லது மூன்றாம் மொழி. 2011-இல் ஆசிரியர்களுக்கு நடந்த ஆங்கிலத் திறன் தேர்வில் மிகப் பெரும்பாலோருக்கு மேற்பயிற்சி தேவை என்று தெரியவந்தது. விடுதலைக்குப் பின் 20 ஆண்டுகள் கடந்தும் இதுவே நிலைமை. ஆட்சிமொழியை ஓர் ஆணையால் மாற்றலாம். பயிற்றுமொழியை மாற்ற ஆசிரியர்கள் வேண்டும். அதனால்தான் இவ்விரு சொற்களையும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாக எழுதக்கூடாது என்று வற்புறுத்துகிறோம்.

எந்த நாட்டிலும் 'ஆட்சிமொழி' என்ற சொல்லைக் கண்டால், அது எந்த வேலைக்கு என்று கேட்டுப் பார்ப்பது பயன்தரும். சட்டத்தின் இரு மொழி வடிவங்கள் முரண்பட்டால் எது செல்லும்? நீதிமன்றத்தில் வாதம் எம்மொழியில், தீர்ப்பு எம்மொழியில்? விண்ணப்பம் எம்மொழியில் வாங்கப்படும், பதில் எம்மொழியில் வரும்? அரசுப் பணித் தேர்வை எம்மொழியில் எழுதலாம்? இவற்றுக்கு ஒரே விடை இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. இந்தியாவில் ஒன்றிய அரசின் ஆட்சிமொழி பற்றி 343-ஆம் பிரிவு பேசுகிறது; மாநிலங்கள் தம் ஆட்சிமொழியைத் தாமே தேர்ந்துகொள்ள 345-ஆம் பிரிவு வழிசெய்கிறது; உச்ச நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் ஆங்கிலத்தை 348 வைத்திருக்கிறது. குறைதீர்க்கும் மனுவை ஒன்றிய அரசின் அலுவலகத்துக்கும் தமிழ்நாட்டு அரசின் அலுவலகத்துக்கும் தமிழிலேயே எழுத 350-ஆம் பிரிவு உரிமை தருகிறது. மொழியைக் காரணம் காட்டி அந்த மனுவைத் திருப்ப இயலாது. அந்த உரிமையைப் பலர் அறியாமலே இருப்பது வருத்தத்துக்குரியது.

'தேசிய மொழி' என்ற தவறு எங்கிருந்து வந்தது? இந்தியில் 'ராஜ்பாஷா' என்பது ஆட்சிமொழி, 'ராஷ்ட்ரபாஷா' என்பது தேசிய மொழி. இந்திய அரசமைப்பு எந்த மொழிக்கும் இரண்டாவது பெயரைத் தரவில்லை. ஆனால் 1918-இல் சென்னையில் தொடங்கிய இந்திப் பிரசார சபை நடத்தும் தேர்வுகளில் ஒன்றின் பெயரே ராஷ்ட்ரபாஷா. சான்றிதழில் அச்சாகிக் கூடத்துச் சுவரில் தொங்கிய சொல்லை அரசமைப்பில் உள்ள சொல்லாகவே பலர் எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. இலங்கை அரசமைப்பு இவ்விரண்டையும் தனித்தனிப் பிரிவுகளில் வைத்திருக்கிறது: அரசகரும மொழி 18-இல், தேசிய மொழிகள் 19-இல். சிங்கப்பூரிலும் இவை வெவ்வேறு. எனவே ஆங்கில மூலத்தில் 'நேஷனல்' என்று இருந்தாலன்றித் தமிழில் 'தேசிய' என்று எழுதக்கூடாது.

நாடு ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு எங்கள் விடை இந்தச் சொல்லாய்விலிருந்தே வருகிறது. பல மொழிகள் பேசும் நாட்டில் அரசின் பதிவேடுகளுக்கு ஆங்கிலம் ஒரு பொது ஏற்பாடாக இருப்பதில் தவறில்லை. ஆனால் கடமை அரசுடையது என்றால், குடிமகனுக்குப் புரியும் மொழியில் பதில் சொல்வதும் அந்தக் கடமைக்குள் அடங்கும். 'ஒரே' என்ற சொல் அந்தக் கடமையை அரசின் தோளிலிருந்து இறக்கிக் குடிமகன் தலையில் வைக்கிறது. 2025-இன் அமெரிக்க ஆணையும் இதற்கு விலக்கன்று. ஆங்கிலம் சரிவரத் தெரியாதோருக்குச் சேவை கிடைக்கச் செய்யுமாறு அரசு அமைப்புகளைப் பணித்த 2000-ஆம் ஆண்டு ஆணையை அது நீக்கிவிட்டது. பிறமொழிச் சேவைகளை நிறுத்தும்படி அமைப்புகளைக் கட்டாயப்படுத்தவில்லைதான்; ஆயினும் கட்டாயமாக இருந்தது விருப்பமாகிவிட்டது. அங்கும் வேலை செய்திருப்பது 'லாம்' விகுதியே.

எழுதும் முறை: 'ஆட்சிமொழி' என்று சேர்த்து எழுதுக, பன்மை 'ஆட்சிமொழிகள்', 'ஆட்சிமொழிச் சட்டம்' என்பதில் வல்லினம் மிகும். இலங்கைச் செய்திக்கு 'அரசகரும மொழி', சிங்கப்பூர், மலேசியச் செய்திகளுக்கு 'அதிகாரத்துவ மொழி' என அந்தந்த நாட்டு வழக்கையே பயன்படுத்தலாம். பொதுக் கட்டுரையில் 'ஆட்சிமொழி' போதும். 'லிங்க் லாங்குவேஜ்' என்பதற்கு 'இணைப்பு மொழி' அல்லது 'தொடர்பு மொழி'. தொடக்கத்தில் பார்த்த செய்தியை "ஆங்கிலம் அமெரிக்காவின் ஆட்சிமொழி என அதிபர் ஆணை" என்று எழுதினால் சரி. அது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அன்று, அதிபரின் ஆணை. ஆகவே "சட்டமானது" என்று முடிக்கக்கூடாது.