முட்டிச்சில்லு நழுவல்: 'மூட்டு விலகல்' ஏன் தவறு?

பெங்களூரில் நாய் வளர்க்கும் தமிழர்களிடையே வாட்ஸப்பில் சுற்றும் குறிப்புகளில் 'பட்டெல்லர் லக்சேஷன்' என்ற பின்னங்கால் முட்டி நோய் பெரும்பாலும் 'மூட்டு விலகல்' என்றே வருகிறது. இது தப்பு.

பட்டெல்லா என்றால் லத்தீனில் சிறு தட்டு. லக்சேஷன் என்றால் பிசகுதல். வேர் அவ்வளவுதான். முட்டியின் முன்னால் இருக்கும் அந்தச் சிறு எலும்புக்குத் தமிழில் முட்டிச்சில்லு என்ற பெயர் உண்டு. இங்கே கன்னடத்தில் மண்டிச்சிப்பு.

மூட்டு விலகினால் தொடையெலும்பும் கீழ்க்கால் எலும்பும் பிரிந்திருக்க வேண்டும். இந்நோயில் அவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன. தொடையெலும்பின் நுனிப் பள்ளத்தில் மேலும் கீழும் ஓடவேண்டிய சில்லுதான் பக்கவாட்டில் வழுக்குகிறது. பொமரேனியன், சிவாவா போன்ற சிறு நாய்களில் பெரும்பாலும் உட்பக்கமாக. ஓடும் நாய் திடீரென ஒரு பின்னங்காலைத் தூக்கி இரண்டு மூன்று எட்டுகள் நொண்டும், காலை உதறும், பழையபடி ஓடும். 'விலகல்' என்று படித்தவர், தள்ளிவிட்டுக் கட்டுப் போட்டால் போதும் என்று நம்புகிறார். பள்ளம் ஆழமில்லாவிட்டால் சில்லு நிற்காது. நோயின் 4 நிலைகளில் மூன்றாவதில் கையால் தள்ளினால் உள்ளே போகும், விட்டால் வெளியே வந்துவிடும். நான்காவதில் தள்ளவே முடியாது.

சிலர் எழுதும் 'சில்லு இடப்பெயர்ச்சி' என்பது இன்னும் மோசம். அறுவையின் முக்கிய வேலையே ஓர் இடமாற்றம்தானே! சில்லிலிருந்து இறங்கும் தசைநார் பற்றியிருக்கும் கீழ்க்கால் எலும்பின் முன்மேட்டை வெட்டி, வெளிப்பக்கம் நகர்த்தி, மெல்லிய எஃகு ஊசிகளால் பொருத்துவார்கள். பள்ளத்துக் குருத்தெலும்பை அடி எலும்போடு ஆப்பாகவோ கட்டையாகவோ பெயர்த்து, கீழே குடைந்து, அதையே திரும்பப் பதிப்பார்கள். சில்லின் பாதியாவது பள்ளத்துக்குள் அமர வேண்டும். மூட்டை மூடியிருக்கும் உறையை உட்பக்கம் தளர்த்தி, வெளிப்பக்கம் இறுக்கித் தைப்பார்கள். பிறகு ஆறு முதல் எட்டு வாரம் கட்டுப்பாடான ஓய்வு. அதற்குள் சோபாவிலிருந்து குதித்தால் பொருத்திய மேடு பிய்ந்துபோகலாம், ஊசி நகரலாம், சில்லு மறுபடி நழுவலாம். நோய், மருத்துவம், சிக்கல் மூன்றும் 'இடப்பெயர்ச்சி' என்றால், நாயின் சொந்தக்காரர் மருத்துவருக்குத் தொலைபேசியில் எதைச் சொல்வார்?

மொழிபெயர்ப்பவர்கள் லக்சேஷனை டிஸ்லொகேஷன் என்று எடுத்துக்கொண்டு, அகராதியில் அதற்கு எதிரே கிடப்பதை எடுத்து ஒட்டுகிறார்கள். எக்ஸ்ரேயில் எந்த எலும்பு நகர்ந்தது என்று பார்ப்பதில்லை. நாள்தோறும் ஆங்கிலமும் கன்னடமும் கலந்து பேசும் ஊரில் தூய தமிழுக்காக நான் சண்டை போடவில்லை, தெளிவு வேண்டும். நோய்க்கு 'முட்டிச்சில்லு நழுவல்', அறுவையின் படிகளுக்குப் 'பள்ளம் ஆழப்படுத்தல்', 'மேடு நகர்த்தல்', 'உறை இறுக்கல்' என்று எழுதுங்கள். சம்மதப் படிவத்தில் எது நழுவியது, எதை நகர்த்தப்போகிறோம் என்று தனித்தனியாகவே இருக்கட்டும்.